கோளாறான வண்டி

"ஏளா, கோளாறு என் கையில இல்ல. ஒன் வண்டியிலதான் இருக்கு."

மண்ணைத் தட்டிக்கொண்டே எழுந்தார் சிலுவை. காலையிலிருந்து ஒவ்வொரு முறை விழுந்தபோதும் அவர் சொன்னது இதைத்தான்.

"புது வண்டி அண்ணாச்சி இது. நீங்கதான் திருப்புத எடத்துல தப்புப் பண்ணுதீய," என்றாள் ஸ்டெபி.

"மீசை மொளைச்ச நாள்லருந்து வள்ளத்துல சுக்கான் பிடிச்ச கை. எனக்கே திருப்பச் சொல்லித் தாரியா?"

தூத்துக்குடி பழைய துறைமுகத்துக்குப் பக்கத்து மைதானம் அது. பெரியவர்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கான பயிற்சி நடந்துகொண்டிருந்தது. கடைசி நாளான அன்று, சைக்கிளே ஓட்டியிராத ஒருவரை ஒவ்வொருவரிடமும் ஒப்படைத்திருந்தார்கள். மைதானத்தின் கோடியில் நிற்கும் தகர டிரம்மை அவர் சுற்றி வந்துவிட்டால், கற்றுக்கொடுத்தவருக்குச் சான்றிதழ்.

அந்தக் குழுவில் ஸ்டெபி ஒருத்திதான் பெண். மணப்பாட்டில் திங்கட்கிழமை தொடங்கவிருந்த பெண்கள் வகுப்பு அவளை நம்பித்தான் இருந்தது. ஆம்பிளை வாத்தியார் வந்தால் ஒருத்தியும் வரமாட்டோம் என்று ஊரில் சொல்லிவிட்டார்கள். அப்படிச் சொன்னவர்களில் அவள் அம்மாவும் உண்டு.

அவளுக்கு வாய்த்தவர் சிலுவை. கடலுக்குப் போனது போதும் என்று மகன் தடுத்துவிட, உப்பளத்தில் காவல் வேலைக்குச் சேரப் போகிறவர். வரப்பைச் சுற்றி வரச் சைக்கிள் வேண்டும்.

மனிதர் நேராக ஓட்டுவதில் ஒரு குறையும் இல்லை. அலையில் ஆடிப் பழகிய உடம்பு. விட்டால் கன்னியாகுமரிவரைக்கும் போவார். டிரம் வந்து, கைப்பிடியைத் திருப்பும்போதுதான் மடேரென்று சாய்வார்.

அடுத்த முறையும் சாய்ந்தார். கூடப் பயிற்சிக்கு வந்து, சான்றிதழை முன்பே வாங்கிவிட்டிருந்த ரெக்சன் ஓரமாக நின்று சிரித்தான்.

"காலையில நீங்க விழுந்தது மறந்துபோச்சா ரெக்சன்?" என்றார் பயிற்சி கொடுக்கும் செல்வராணி மேடம்.

ரெக்சன் வாயை மூடிக்கொண்டான். காலையில் மேடம் ஒரு சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தி, பயிற்சி ஆசிரியர்கள் எல்லோரையும் ஓட்டச் சொல்லியிருந்தார். பார்த்தால் மற்ற வண்டிகளைப் போலவே பச்சை வண்டி. ஆனால் பட்டறையில் சொல்லிச் செய்தது. கைப்பிடியை இடப்பக்கம் திருப்பினால் சக்கரம் வலப்பக்கம் போகும். எல்லோரும் விழுந்தார்கள். ரெக்சன் ரொம்ப வீராப்பாக ஏறி, ரொம்ப மோசமாக விழுந்தான். சிறு வயதிலேயே கற்றுக்கொண்டவர்களுக்கு, ஓட்டத் தெரியாதவர் படும் பாடு புரியாது, அது புரியத்தான் இந்த வண்டி என்றார் மேடம். அவராலேயே அதை ஓட்ட முடிந்ததில்லையாம். ஷெட்டில் பூட்டிவிட்டு வரும்படி ரெக்சனிடம் அதைக் கொடுத்தார்.

வெயில் தாழ்ந்தது. டிரம்மைப் பார்க்காதீர்கள், போக வேண்டிய பக்கத்தைப் பாருங்கள் என்று ஸ்டெபி சொல்லிப் பார்த்தாள். கூடவே ஓடிப் பார்த்தாள். கெஞ்சியும் பார்த்தாள். சிலுவை கடைசியாக விழுந்த வேகத்தில் முன்சக்கரம் காற்றுப் போய்ச் சப்பென்று ஆகிவிட்டது.

மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஸ்டெபி அவரிடம் ஓடினாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் குடுங்க மேடம். பேலன்ஸ் அவருக்கு நல்லாவே வந்துட்டு. திருப்புததுதான்..."

மேடம் அவள் தோளுக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டெபி திரும்பினாள்.

சுவரோரம் சாத்தியிருந்த வண்டிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு சிலுவை போய்க்கொண்டிருந்தார். டிரம் வந்தது. ஸ்டெபி கண்ணை மூடிக்கொண்டாள். கைதட்டல் கேட்டுத் திறந்தபோது, அவர் டிரம்மைச் சுற்றி முடித்து எதிரே வந்துகொண்டிருந்தார். நிற்காமல் மறுபடியும் போய், இந்த முறை எதிர்ப்பக்கமாகச் சுற்றினார். திரும்பி வரும்போது ஒரு கையை எடுத்து மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டார். யாரோ விசில் அடித்தார்கள்.

"பாத்தியாளா? வண்டிய மாத்துனேன், ஓடுது."

மேடம் கையெழுத்துப் போட்டுச் சான்றிதழை ஸ்டெபியின் கையில் கொடுத்தார். அம்மாவைச் சைக்கிளில் ஏற்றிவைக்கும் காட்சி அவள் கண்முன் வந்து போனது.

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வருகிறேன் என்று ரெக்சன் வாங்கிக்கொண்டான். தள்ளிக்கொண்டு போயிருக்கலாம். இத்தனை பேர் பார்க்கிறார்களே என்று தாவி ஏறினான். சுவர்ப் பக்கம் திருப்பினான். வண்டி அவனைக் கேட்காமல் எதிர்ப்பக்கம் போய், குப்புறத் தள்ளியது.

மேடம் போய் வண்டியை நிமிர்த்திக் கைப்பிடியை இடப்பக்கம் திருப்பினார். சக்கரம் வலப்பக்கம் போனது. அவர் ரெக்சனைப் பார்த்தார். ஷெட் சாவியைத் தேடச் சோம்பல்பட்டு மற்ற வண்டிகளோடு சாத்திவிட்டேன் என்று அவன் மண்ணில் கிடந்தபடியே முனகினான்.

ஸ்டெபி சான்றிதழை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"ஒளிக்க வேண்டாம் ஸ்டெபி, அது உங்களுதுதான்," என்ற மேடத்துக்குச் சிரிப்பில் கண்ணில் நீர் முட்டியது. "அண்ணாச்சி, இனி இந்த வண்டியும் உங்களுது."

சிலுவை கைகொடுத்து ரெக்சனைத் தூக்கிவிட்டார்.

"ஏலே, சுக்கானை எடப்பக்கம் தள்ளினா வள்ளம் வலப்பக்கந்தாம்ல திரும்பும்? இங்கன கெடக்குத அம்புட்டு வண்டியிலயும் கோளாறு இல்லாதது இது ஒண்ணுதான்."