இருமல் கேட்காத போன்

போனில் வரும் இருமலைப் போன் கம்பெனியே நீக்கித் தர ஆரம்பித்து மூன்று வருடமாகிறது. அனல் மின் நிலையத்துச் சாம்பல் குளத்தை ஒட்டிய ஊரில் அண்ணன் ரீகன் இருமும்போது, திருப்பூரில் இருக்கும் பிரிசில்லாவுக்கு ஒரு சத்தமும் கேட்காது. அந்த மௌனம் எவ்வளவு நீளம் என்பதை வைத்துத்தான் அண்ணனின் நெஞ்சு எப்படியிருக்கிறது என்று அவள் தெரிந்துகொள்வாள். போன வருடம் அது ஒரு வெங்காயம் உரிக்கும் நேரம் இருந்தது.

"மருந்து சாப்ட்டியாண்ணே?"

அவள் நாலாவது வெங்காயத்தை உரித்து முடித்தபோது பதில் வந்தது.

"சாப்ட்டேம்மா."

"பேசாம இங்க வந்துருண்ணே. இங்க சாம்பல் கிடையாது, காத்து நல்லாருக்கு."

அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குத் தொண்டை கமறி, இரண்டு முறை நிறுத்தி இருமினாள்.

அண்ணன் மெதுவாகக் கேட்டான். "பிரிசி, ஒரு மாசமா உன் பக்கமும் சத்தம் விட்டு விட்டுத்தான் வருது. எப்ப இருந்து இருமுற?"

"அதெல்லாம் இல்லண்ணே. தாளிக்கிற நெடி."

சொன்ன பிறகுதான் அடுப்பைப் பார்த்தாள். அதை அவள் இன்னும் பற்ற வைக்கவே இல்லை.