தலைக்கு வைக்கிற எண்ணெய்

வாணலியில் தேங்காய் எண்ணெய் காய்கிறது. காலைக் குளிரில் வெள்ளையாக உறைந்து கிடந்த பாட்டிலை வெந்நீரில் நிற்கவைத்து மருமகள் உருக்கியெடுத்த எண்ணெய். உருளைக்கிழங்கு வட்டங்களை அவள் ஓரமாக வழுக்கிவிட, சொய்யென்று எழுந்த சத்தம் மெல்லச் சலசலப்பாகத் தணிகிறது. ஜன்னல் வெயிலில் புகை நீலமாக மிதக்கிறது. கல்யாணத்துக்கு வராத மாமனார் இன்றுதான் முதன்முதலாக வந்து கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். தண்ணீர்கூட வேண்டாமென்றுவிட்டார். இப்போது மூக்கைச் சுளித்தபடி சமையலறை வாசலில் வந்து நிற்கிறார். "என்னம்மா இது, தலைக்கு வைக்கிற எண்ணெயில வறுக்கிற?" "எங்க வீட்டுல இதுலதான் மாமா வறுப்போம்." "எங்க வீட்டுல இது தலையை விட்டு வாய்க்கு இறங்கினதே இல்ல." "தலைக்கும் வாய்க்கும் ஒரு சாண்தானே மாமா."

அவர் சிரிக்கவில்லை. அவள் பொன்னிறமானவற்றை ஜல்லிக்கரண்டியால் அரித்தெடுத்து, உப்புத் தூவி, தட்டை மேடை ஓரத்தில் வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். அடுத்த ஈடு விழுகிறது. அந்தச் சத்தத்துக்கு நடுவே, முதுகுக்குப் பின்னால் மொறுக்கென்று ஒன்று உடைகிறது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அவள் திரும்பவில்லை. சுவரில் மாட்டிய எவர்சில்வர் மூடியில் அவர் உருவம் வளைந்து தெரிகிறது. தட்டு காலியானதும் கை துடைக்கத் துணி தேடுகிறார், அகப்படவில்லை. விரல்களில் மினுங்கும் எண்ணெயை ஒரு கணம் பார்க்கிறார். பிறகு, இத்தனை வருஷப் பழக்கத்தில், இரண்டு கையையும் தேய்த்து நரைத்த தலையில் அழுத்தித் தடவிக்கொள்கிறார். அவள் இன்னொரு கிழங்கை எடுத்துச் சீவத் தொடங்குகிறாள்.