ரோல் நம்பர் பதினேழு

"அடுத்து, ரோல் நம்பர் பதினேழு. முன்னால வரலாம்."

முத்துவீரன் கடைசி பெஞ்சிலிருந்து முழங்காலைப் பிடித்தபடி எழுந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஞாயிறுதோறும் நடக்கும் எம்.ஏ. தமிழ் அஞ்சல்வழி வகுப்பு அது. மில் சூப்பர்வைசர், போலீஸ்காரர், பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு வந்த தாய்மார் என்று கலவையான கூட்டம். முத்துவீரன் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த அசதி இன்னும் காலை விட்டு இறங்கவில்லை.

பக்கத்து பெஞ்ச் ஹெப்சிபா முணுமுணுத்தாள். "எங்களை எல்லாம் பேரு சொல்லித்தான கூப்புடுதாரு? உங்களுக்கு மட்டும் என்ன அண்ணாச்சி, ஜெயில் கணக்கா நம்பரு?"

"விடு தாயி."

"எப்படி விட? போன தடவையும் ஃபெயில் போட்டாரு. இன்னைக்கும் அஞ்சு மார்க் வாங்கலைன்னா நீங்க பரீட்சையே எழுத முடியாது, தெரியும்ல?"

தெரியும். அதனால்தான் கால் இன்னும் கனத்தது.

மேடையில் முனைவர் மு. லிங்கேஸ்வரன் தொண்டையைச் செருமினார். நாலு பக்கக் கதைக்கு முக்கால் மணி நேரம் முன்னுரை சொல்லி முடித்திருந்தார். 'அதிகாரக் கட்டமைப்பு', 'மௌனத்தின் வன்முறை' என்றெல்லாம் அவர் வாயிலிருந்து ஊர்வலம் கிளம்பினால், கதையில் வரும் ஏழைபாழைகள் ஓரமாக ஒதுங்கி வழிவிட வேண்டியதுதான்.

கதை பழையது. வடக்கே ரயில்வே கேட்டில் வேலை பார்க்கும் ஒருவன் தீபாவளிக்கு ஊருக்கு வருகிறான். வாசலில் நிற்கும் ஆறு வயது மகன், "அம்மா, யாரோ வந்திருக்காங்க" என்று உள்ளே பார்த்துக் கத்துகிறான். அப்பன் ஒன்றும் பேசாமல் பெட்டியை வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விடுகிறான். அவ்வளவுதான் கதை.

"இந்த அப்பா பாத்திரத்தைப் பற்றித் தங்கள் பார்வை என்ன?"

"அசதி சார்."

"உங்க அசதியைக் கேட்கவில்லை. கதையின் மையக்கருவைக் கேட்டேன்."

"அதத்தான் சொல்லுதேன் சார். கதையே அந்த ஆளோட அசதிதான்."

வகுப்பு சிரித்தது. லிங்கேஸ்வரன் சிரிக்கவில்லை.

"அந்த மௌனம் ஓர் ஆயுதம். தன்னை அடையாளம் காணாத மகனுக்கு ஒரு தந்தை தரும் தண்டனை. நான் ஆய்வேட்டிலேயே நிறுவியிருக்கிறேன். அசதிக்குப் பிரதியில் ஆதாரம் எங்கே?"

"ரெண்டாம் பக்கத்துல சார். பொட்டியக் கீழ வச்சிட்டு நிமிர்றதுக்குக் கொஞ்ச நேரம் பிடிச்சதுன்னு எழுதியிருக்கு. பொட்டி கனத்துனால மட்டுமா நிமிர முடியல? பையன்கிட்ட என்ன பேசணும்னு ரயில்லயே ஒத்திகை பாத்துக்கிட்டு வந்திருப்பான். 'யாரோ'ன்னு கேட்டதும் அம்புட்டும் மறந்துபோச்சு. வேற என்ன செய்வான்? மூஞ்சி கழுவப் போயிட்டான்."

லிங்கேஸ்வரன் கையிலிருந்த குறிப்பைப் புரட்டினார். அத்தனை தாளிலும் அசதி என்று ஒரு சொல் இல்லை.

"அப்ப அந்தப் பையன்?" திடீரென்று அவருடைய மேடைத்தமிழ் கழன்று விழுந்தது. "வருசத்துக்கு ஒருக்க வந்து பொட்டிய எறக்கி வச்சாப் போதுமா? பள்ளிக்கூடத்துல உங்கப்பா எங்கடான்னு கேக்கும்போது அவன் என்னத்தச் சொல்லுவான்? அத யோசிச்சீங்களா?"

முத்துவீரன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "பையன் மேல தப்பே இல்ல சார். பாத்துப் பழகாத மூஞ்சிய எப்படித் தெரியும்? அந்த அப்பனுக்கும் அது தெரியும். அதான் அதட்டாம அந்தப் பக்கம் போயிட்டான்."

லிங்கேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியை மறுபடியும் துடைத்தார்.

"ஆறு மார்க். பிரதியை விட்டு வெளியே போயிட்டீங்க. உக்காரலாம்."

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் ஹெப்சிபாவுக்கு இன்னும் ஆறவில்லை. "அம்புட்டு அழகாச் சொன்னதுக்கு ஆறுதானா? இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி இந்தப் பாடு? வீட்டுல நிம்மதியா இருக்கலாம்ல?"

"வீட்டுல நிம்மதிக்கு ஒண்ணும் கொறைச்சல் இல்ல தாயி. பேச்சுக் குடுக்கத்தான் ஆளு இல்ல. இங்கன்னா நாலு கேள்வியாவது கேக்காங்க."

"கேள்வியா அது? உங்க ஊரு ராஜபாளையம் நாயி கணக்கா மேல விழுந்துல்ல கடிக்காரு!"

"அவரும் எங்க ஊருதான்" என்றார் முத்துவீரன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ராஜபாளையம் பஸ் பிதுங்கி வழிந்துகொண்டு வந்து, நிற்காமல் போயிற்று. அதன் பின்னால் வந்த பைக் ஒன்று வேகம் குறைந்து, தயங்கி, அவர்கள் முன்னால் நின்றது. லிங்கேஸ்வரன். ஹெல்மெட்டைக் கழற்றினார்.

ஹெப்சிபா விடவில்லை. "சார், கோவிச்சுக்கிடாதீங்க. எல்லாருக்கும் பேரு இருக்கு, இவியளுக்கு மட்டும் என்ன பதினேழு? முத்துவீரன்னு வாய் நெறையக் கூப்புட்டாத்தான் என்ன?"

முக்கால் மணி நேர முன்னுரைக்காரருக்கு வார்த்தை வரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"பெத்த அப்பாவ எப்படிம்மா பேரு சொல்லிக் கூப்புடுறது?" என்றவர், பின்சீட்டுத் தூசியைக் கையால் தட்டிவிட்டார்.