அரை மதிப்பெண் கோடு

"அரை மதிப்பெண்! முழுசாக்கூட இல்ல, அரை! அதுல போய்க் கோட்டை விட்டுட்டு வந்து நிக்கறியே, உனக்கே இது நல்லா இருக்கா?"

லிஃப்ட் மெக்கானிக் கல்லூரிப் படிகளில் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தார். மூன்று படி பின்னால் அவள் வந்தாள். கல்லூரி லிஃப்டில் 'பழுது' என்று அட்டை தொங்கியது, எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்த மாதிரி இருந்தது அவருக்கு.

"மேல போக வேண்டாம். திரும்பிடலாம்," என்றாள்.

"ஏன்? இந்தக் கிரீஸ் சட்டையோட நான் வந்தா உனக்கு மானம் போயிடுமா?"

அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அடுத்த படி ஏறினாள்.

அவளுடைய அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டு அவர் அந்த வீட்டுக்கு வந்தபோது அவளுக்குப் பத்து வயது. இப்போது பத்தொன்பது. இந்த ஒன்பது வருடத்தில் அவரை அவள் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இங்க பாருங்க", "ஃபோன் அடிக்குது", "அம்மா சாப்பிட வரச் சொன்னாங்க." அவ்வளவுதான். பெற்றவன் எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் 'அப்பா' என்கிற வார்த்தையை அவனுக்கென்றே பூட்டி வைத்திருக்கிறாள் என்று அவராகவே முடிவு செய்து, எதிர்பார்ப்பதை விட்டுவிட்டார்.

போன வருடம் அவள் "மானிடவியல் படிக்கப்போறேன்" என்றதும் வீடே திருதிருவென்று விழித்தது.

"மனுஷங்களைப் பத்திப் படிக்க எதுக்கும்மா காலேஜ்? பஸ் ஸ்டாண்டுல ரெண்டு நாள் உக்காந்தா போதாதா?" என்று கேட்டார் அவர்.

அவள் சண்டை போடவில்லை. மூன்று வருடத்துக்கும் கட்டம் கட்டித் திட்டம் எழுதி, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டாள். முதல் வருடம் அடிப்படைப் பாடங்கள். இரண்டாம் வருடம் பெரிய ஆஸ்பத்திரியில் ஆறு மாதப் பயிற்சி. நோயாளிகள் மாத்திரையை ஏன் பாதியில் நிறுத்துகிறார்கள், டாக்டரிடம் எதை மறைக்கிறார்கள் என்று கூடவே இருந்து கண்டுபிடிக்க வேண்டும். நன்றாகச் செய்தால் அங்கேயே எடுத்துக்கொள்வார்கள். கடைசிக் கட்டத்தில் 'வேலை' என்று எழுதியிருந்தது.

அதைப் பார்த்த பிறகுதான் அவர் வாயை மூடினார். அப்புறம் தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அந்தக் கட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவார்.

அந்தப் பயிற்சிக்கு இருப்பது ஒரே இடம். அரை மதிப்பெண்ணில் அது இன்னொருத்திக்குப் போகிறது. பட்டியல் இன்று மாலை முடிவாகிறது.

மூன்றாவது மாடியில் பேராசிரியை அவரைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"வாங்க சார். நீங்களாவது சொல்லுங்க. நான் மூணு தடவை கூப்பிட்டுச் சொல்லியாச்சு."

"என்ன சொன்னீங்க மேடம்?"

"உறவு வரைபடம் போடச் சொல்லியிருந்தேன். அவங்கவங்க குடும்பத்தை வரையணும். எல்லாம் அழகாப் போட்டிருக்கா, ஒரே ஒரு இடம் தப்பு. பென்சில்லதான் இருக்கு, அழிச்சுப் போட்டுக் கொடு, அரை மதிப்பெண் தரேன்னேன். எல்லாருக்கும் இன்னிக்கு வரைக்கும் திருத்த நேரம் கொடுத்திருக்கேன். இவ மட்டும் மாட்டேங்கறா."

அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"திருத்தச் சொல்லியும் திருத்தலையா? லிஃப்ட் தரைக்கு அரை அங்குலம் கீழ நின்னாக்கூட அதைச் சரி பண்ணாம நான் ஒரு கட்டடத்தை விட்டு இறங்கினதில்ல. உனக்குத் தப்பு எங்கேன்னு கையைப் பிடிச்சுக் காட்டறாங்க. அப்படி என்ன பிடிவாதம்? யார்கிட்டேருந்து வந்தது இது?"

கடைசிக் கேள்வி வாயை விட்டுப் போன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அது தப்பில்ல," என்றாள் அவள்.

"மேடத்தைவிட நீ படிச்சுட்டியா?" மேசைமேல் இருந்த ரப்பரை எடுத்து நீட்டினார். "அழி. என் கண்ணு முன்னாடி அழி."

அவள் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள். கண் தரையில் இருந்தது.

"விடுங்க. கொடுங்க மேடம், நானே அழிச்சுத் தொலைக்கறேன். எந்த இடம்?"

பேராசிரியை தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"முக்கோணம்னா ஆண், வட்டம்னா பெண். நடுவுல இருக்கிற வட்டம் அவ அம்மா. இடது பக்க முக்கோணம் பெத்தவர். வலது பக்கம் நீங்க. உங்களுக்குக் கீழ இருக்கிற சின்ன வட்டம் அவ. பெத்தவர்கிட்டேருந்து பிள்ளைக்கு முழுக் கோடு இறங்கணும். வளர்க்கறவர்கிட்டேருந்து புள்ளிக் கோடு. முதல் வாரத்துலயே சொல்லிக் கொடுத்தது. இவ ரெண்டையும் மாத்திப் போட்டு வெச்சிருக்கா."

அவர் குனிந்து பார்த்தார்.

இடது முக்கோணத்திலிருந்து ஏழெட்டுப் புள்ளிகள், கொசுறு மாதிரி. வலது முக்கோணத்திலிருந்து ஒரே கோடு. தாளில் பள்ளம் விழும்படி அழுத்தி, நேரே அவள் வரைக்கும் வந்திருந்தது. பக்கத்தில் சிவப்பு மையில் 'தவறு' என்று மூன்று முறை எழுதியிருந்தது.

"சீக்கிரம் சார். இப்ப அழிச்சாக்கூட அந்த இடம் அவளுக்குத்தான்."

லிஃப்ட் மெக்கானிக் ரப்பரைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தாளைப் பேராசிரியை பக்கமே திருப்பி வைத்தார்.

"ஆஸ்பத்திரிக்கா பஞ்சம், மேடம்? நாங்க வேற பார்த்துக்கறோம். கோடு தூக்குக்குண்டு பிடிச்ச மாதிரி நேரா இருக்கு. இதைப் போய் எதுக்கு அழிக்கணும்?"