அணைத்த பிறகு

பியெலினென் ஏரி உறைந்துவிட்டால் சிர்க்காவும் அவள் தங்கை ஐலாவும் பனியில் துளை போட்டு மீன்பிடிப்பார்கள். அன்று ஐலா, மீன் எங்கே நிற்கிறது என்று காட்டும் சோனார் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள்.

"இது போடுற சத்தத்துல மீனெல்லாம் ஓடிரும்டி," என்றாள் சிர்க்கா.

"உன் வாய்க்கே ஓடாத மீனு, இதுக்கா ஓடப்போகுது அக்கா?"

சோதித்துப் பார்த்தார்கள். பெட்டியை அணைத்தபோது மீன்கள் தூண்டிலைக் கடித்தன. போட்டபோது திரையில் தெரிந்த கோடுகள் சிதறி ஓடின. தடித்த கோடு ஒன்று மட்டும் ஓடவில்லை. ஏரியின் அடியிலிருந்து மெல்ல மேலேறி வந்தது. பாதித் திரையை அடைத்துக்கொண்டு, துளைக்கு நேர் கீழே நின்றது.

"அதை அணைடி." சிர்க்காவின் குரல் இறங்கியிருந்தது.

ஐலா அணைத்தாள். துளையில் தண்ணீர் பொங்கி வழிந்து அவர்களுடைய பூட்ஸை நனைத்தது.

"ஓடாத. மெதுவா நட."

எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, கைகோத்துக் கரையை நோக்கி நடந்தார்கள். மீன் சிக்காமல் காலையில் கைவிட்ட துளைகள் வழியெல்லாம் இருந்தன. அவர்கள் நெருங்குவதற்கு முன்பே ஒவ்வொன்றிலும் தண்ணீர் பொங்கி, பிறகு உள்ளே வடிந்தது.

கரையோரத்துக் கடைசித் துளையிலும் பொங்கியது. அங்கே மட்டும் வடியவில்லை. இருவரும் நின்றுவிட்டார்கள்.