விழுகிற உத்தியோகம்

"இன்னும் ஒரே ஒரு தடவை விழுந்து பாருங்கண்ணே" என்றார் மேனேஜர்.

"நான் என்ன மாட்டேன்னா சொன்னேன்? இது விழ விட்டால்ல!" ஏணியின் ஒன்பதாவது படியில் நின்றபடி கத்தினார் தொபுக்கடீர்.

பெற்றோர் வைத்த பெயர் வேறுதான். ஆனால் ஏணி செய்யும் அந்தக் கம்பெனியில் அது யாருக்கும் ஞாபகமில்லை. அவருக்கு அங்கே விழுவதுதான் உத்தியோகம். புதிதாக ஓர் ஏணி செய்தாலும் சரி, ஏணி சரியாமல் இருக்க ஏதாவது கருவி வந்தாலும் சரி, சுவரில் சாய்த்து, கீழே முழங்கால் உயரத்துக்கு மெத்தை போட்டு, இவரை ஏற்றிவிடுவார்கள். மனிதர் ஆட்டி, உதைத்து, எப்பாடு பட்டாவது விழுந்துவிடுவார். எப்படி விழுந்தார் என்று குறித்துக்கொண்டு ஏணியைத் திருத்துவார்கள்.

இருபத்திரண்டு வருடத்தில் அவரைக் கவிழ்க்காத ஏணி கிடையாது. விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று மற்றவர்கள் வீம்புக்குச் சொல்லலாம். இவர் அதற்குத்தான் சம்பளம் வாங்கினார்.

இன்று புதுக் கருவி மாட்டிய ஏணியில் பதினோரு மணிக்கு ஏறியவர். மணி ஒன்றாகிவிட்டது. விழுந்த பாடில்லை.

"அடியை உதைச்சீங்களா?"

"உதைச்சாச்சு சார். ஏணிக் காலுக்கு ரப்பர் செருப்பு மாட்டிவிட்டிருக்கான். உதைக்க உதைக்க இன்னும் அழுத்திப் பிடிக்குது."

"பக்கவாட்டுல சாஞ்சு பாருங்களேன்."

"ரெண்டு பக்கமும் முட்டுக்கால் நீட்டிட்டு நிக்குது. இந்தப் பக்கம் சாஞ்சா இது தாங்குது, அந்தப் பக்கம் சாஞ்சா அது தாங்குது. மாமியார் வீட்டுல கூட என்னை இப்படித் தாங்கினதில்ல."

"மல்லாக்கத் தள்ளினா?"

"மேலே ரெண்டு கொக்கி சுவர் விளிம்பைக் கட்டிப் பிடிச்சிட்டிருக்கு. நீங்களே வந்து பாருங்க!"

மேனேஜர் உண்மையிலேயே ஏறினார். ஸ்டோர் கீப்பரும் பின்னாலேயே ஏறினார். குடும்பஸ்தர்கள் மூன்று பேர் ஒரே ஏணியில் நின்று, ஒன்று இரண்டு மூன்று சொல்லிக் குலுங்கினார்கள். சுவரிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது. ஏணி அசையவில்லை.

தொபுக்கடீர் கண்ணை மூடிக்கொண்டு மெத்தையில் குதித்தார்.

"அது குதிக்கிறதுண்ணே. கணக்குல வராது" என்றார் மேனேஜர், மேலே இருந்தபடியே.

தொபுக்கடீருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "சார், நேராக் கேக்கிறேன். நான் விழலைன்னா எனக்கு இங்க என்ன வேலை?"

மேனேஜர் இறங்கி வந்து, அவர் தோளில் கை வைத்தார். "மறைக்க விரும்பலைண்ணே. இந்தக் கருவியைக் கண்டுபிடிச்சவங்க ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்காங்க. நீங்க ஏறியும் விழலைன்னா, விழுற வேலையையே கம்பெனியிலிருந்து எடுத்துடணுமாம்."

"என் பேரைச் சொல்லியா?"

"பேரைச் சொல்லித்தான். அவங்களை இங்கேயே வேலைக்கும் எடுத்தாச்சு. உங்க சம்பளத்தைப் போல ரெண்டு மடங்கு."

முகம் தெரியாத எவனோ ஒருவன் வயிற்றில் அடித்துவிட்டான் என்று தொபுக்கடீருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இனி விடுவதில்லை. அவரிடம் கடைசியாக ஒரு வித்தை பாக்கி இருந்தது. எட்டாவது படியில் இடது கால் கட்டைவிரலை ஊன்றி, இடுப்பை ஒரு வெட்டு வெட்டினால், எப்பேர்ப்பட்ட ஏணியும் பம்பரம் மாதிரி ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு கீழே வரும். ஓய்வு பெறுகிற நாளில் எல்லோருக்கும் முன்னால் விழுந்து காட்டலாம் என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தது. கம்பெனியில் ஓர் ஈ காக்கைக்கும் தெரியாது.

ஏறினார். கட்டைவிரலை ஊன்றினார். வெட்டினார்.

'டக்' என்று ஒரு சத்தம். சரியாக எட்டாவது படிக்குக் கீழே, ஒரு சின்னத் தாழ்ப்பாள் தானாக விழுந்து ஏணியை இறுக்கிக்கொண்டது. அந்த வெட்டைத் தவிர வேறு எதற்குமே உதவாத தாழ்ப்பாள்!

தொபுக்கடீர் குனிந்து தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தார். "சார், இதை நான் இங்க ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. எவனோ என்னைப் பல வருஷமா வேவு பாத்திருக்கான்! எங்க அந்த ஆளு?"

"வரவேற்பறையில காலையிலேருந்து உக்காந்திருக்காங்க. கோபப்படாதீங்கண்ணே, நான் சொல்றதைக் கொஞ்சம்..."

அவர் கேட்கவில்லை. மடமடவென்று இறங்கி, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுகிற வேகத்தில் வரவேற்பறைக் கதவைப் படாரென்று திறந்தார்.

"எங்கயாவது அடிகிடி பட்டுதாங்க?" என்று பதறி எழுந்தாள் அவர் மனைவி. "தினம் சாயங்காலம் முதுகுக்கு ஒத்தடம் குடுக்கிறப்ப, இன்னைக்கு எப்படி விழுந்தேன், ரிட்டயர் ஆகுற அன்னைக்கு எப்படி விழப்போறேன்னு ஒண்ணு விடாமச் சொல்லுவீங்களே. இருபத்திரண்டு வருஷமா நான் சும்மா 'ம்' மட்டும் கொட்டிட்டிருந்தேன்னா நினைச்சீங்க?"