ஊமத்தங்குளத்துக்கு இடமில்லை

கணினிக்குள் ஓர் ஊரின் வரைபடம் அச்சுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. அதன் ஓரத்தில், அந்த ஊர்க் குளங்களின் பெயர் போட ஓர் அட்டவணை. அதில் பத்தே இடம்.

மாவட்டத்துக் குளங்களெல்லாம் வரிசையில் நின்றன. முன்னால் நின்ற பத்தை உள்ளே விட்டு, அட்டவணை கதவைச் சாத்திக்கொண்டது. அதற்கப்புறம்தான், வேற்றூர்க் குளங்களைக் களைந்தெடுக்கும் வடிகட்டி வந்தது. "நீங்க யாருமே இந்த ஊர் இல்லையே!" என்று பத்தையும் வெளியே துரத்தியது.

வாசலில் நின்ற ஊமத்தங்குளம் கொதித்துப்போனது. "இந்த ஊருக்கு இருக்கிற ஒரே குளம் நான்தான்! உள்ளே எல்லா இடமும் காலியாக் கிடக்குது. கதவைத் திறங்கய்யா!"

"பத்துப் பேரை விட்டாச்சும்மா," என்றது அட்டவணை.

"விட்டவங்களைத்தான் துரத்திட்டீங்களே!"

"அது வடிகட்டியோட வேலை. என்னைக் கேட்டா?"

"வெளியே நிக்கிறவங்களைப் பாக்கிறது என் வேலை இல்லை," என்றது வடிகட்டி.

"எந்த ஊருன்னு முதல்லயே கேட்டுட்டு உள்ளே விட என்ன கேடு உங்களுக்கு? ஊரே என் தண்ணியைத்தானே குடிக்குது!"

தாள் அச்சாகி வந்தது. அதிகாரி காலி அட்டவணையைப் பார்த்தார். 'குளம் எதுவும் இல்லை. பஸ் நிலையம் கட்டலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவருடைய டீ டம்ளர், வரைபடத்தில் நீலமாக இருந்த ஒரே இடத்தின் மேல் உட்கார்ந்திருந்தது.